மறுபடி திறந்தால் பின்தங்கும் தாளம்: பின்னணி இசைப் பணியில் ஒரு ப்ளக்-இன் கோளாறு பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னை சாலிகிராமத்தில் உள்ள ஒரு சிறிய ஸ்டூடியோவில் தமிழ்த் திரைப்படம் ஒன்றின் பின்னணி இசைப் பணி நடந்துகொண்டிருந்தபோது எழுந்த சிக்கலையும், அது கண்டறியப்பட்ட விதத்தையும், எடுக்கப்பட்ட முடிவுகளையும் இங்கே பதிவு செய்கிறேன். ஸ்டூடியோவில் இசையமைப்பாளர், கணினியில் இசையை அமைத்துக்கொடுக்கும் அவருடைய புரோகிராமர், ஒலிப்பதிவுப் பொறியாளர் ஆகிய மூவர் பணியாற்றினார்கள். இறுதி மிக்சிங் வேறொரு தியேட்டரில் நடந்தது. அங்கிருந்த மிக்சிங் பொறியாளருக்கு ஒவ்வொரு ரீலாக ஸ்டெம்கள் (கருவி வகை வாரியாகப் பிரித்த ஒலிக்கோப்புகள்) அனுப்பப்பட்டன. ஸ்டூடியோவின் கணினிகளைப் பராமரிப்பவன் என்ற முறையில் நான் இதில் ஈடுபட்டேன். சம்பந்தப்பட்டவர்களின் ஒப்புதலோடு, பெயர்களைத் தவிர்த்து எழுதுகிறேன்.

இசையமைப்பாளர் நெடுங்காலமாக க்யூபேஸ் என்ற இசைத் தயாரிப்பு மென்பொருளில் வேலை செய்பவர். இந்தப் படத்துக்குச் சற்று முன்புதான் பழைய இன்டெல் ஐமேக்கை விட்டு, ஆப்பிளின் சொந்தச் சிப் கொண்ட ஆப்பிள் சிலிக்கான் கணினிக்கு மாறியிருந்தார். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இந்த மாற்றமே தொடக்கம் என்பதால் அதைச் சற்று விளக்க வேண்டும். ப்ளக்-இன் என்பது இசை மென்பொருளுக்குள் பொருத்திக்கொள்ளும் கூடுதல் நிரல். அதற்காக, க்யூபேஸைத் தயாரிக்கும் ஸ்டெயின்பெர்க் நிறுவனம் 1996-இல் அறிமுகப்படுத்திய விஎஸ்டி முறையின் மூன்றாம் தலைமுறை 2008-இலேயே வந்துவிட்டது. ஆனாலும் பல சிறிய நிறுவனங்கள் பத்தாண்டுகளுக்கும் மேலாக விஎஸ்டி 2 வடிவத்திலேயே தங்கள் ப்ளக்-இன்களை விற்றுவந்தன. 2018 அக்டோபருக்குப் பிறகு விஎஸ்டி 2-க்குப் புதிய உரிம ஒப்பந்தங்கள் வழங்கப்படவில்லை. 2022 ஜனவரியில், தன் மென்பொருள்களில் விஎஸ்டி 2 ஆதரவை 24 மாதங்களுக்குள் விலக்கிக்கொள்ளப் போவதாக ஸ்டெயின்பெர்க் அறிவித்தது. க்யூபேஸ் 12 முதல் ஆப்பிள் சிலிக்கானில் அந்த மென்பொருள் நேரடியாக இயங்குகிறது. ஆனால் அப்படி இயங்கும்போது விஎஸ்டி 3 ப்ளக்-இன்களை மட்டுமே ஏற்கும். பழைய வடிவம் வேண்டுமென்றால் முழு க்யூபேஸையும் ரொசெட்டா (இன்டெல் கணினிக்கான நிரல்களைப் புதிய கணினியில் ஓட்ட உதவும் ஆப்பிளின் மென்பொருள்) வழியாக ஓட்ட வேண்டும்.

சிக்கலுக்குக் காரணமான ப்ளக்-இன் வெளிநாட்டிலுள்ள ஒரு மிகச் சிறிய நிறுவனத்தின் தயாரிப்பு. தாளக் கருவிகளின் முதல் தாக்கைக் கூர்மையாக்கி, அதன் மேல் மெல்லிய சாச்சுரேஷனை (ஒலிக்குச் செழுமை தரும் சிறு சிதைவை) சேர்ப்பது அதன் வேலை. பம்பை, உடுக்கை, தவில் போன்ற தோல் கருவிகளில் அது தரும் அழுத்தம் இசையமைப்பாளருக்கு மிகவும் பிடித்திருந்தது. பல படங்களாக அவருடைய டெம்ப்ளேட்டில் (ஒவ்வொரு படத்தையும் தொடங்கும் தயார் அமைப்பில்) தாளக் கருவிகளுக்கான க்ரூப் சேனலில் (பல ட்ராக்குகள் ஒன்றுசேரும் பாதையில்) அது நிரந்தரமாக இருந்தது. பழைய கணினியில் அதன் விஎஸ்டி 2 பதிப்பு தொந்தரவின்றி ஓடியது. புதிய கணினிக்காக அந்த நிறுவனம் வெளியிட்டிருந்த விஎஸ்டி 3 பதிப்பு நிறுவப்பட்டது. அந்தப் பதிப்பு வெளிவந்த பின் திருத்தம் எதுவும் வரவில்லை என்பதை அப்போது எவரும் கவனித்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் படத்தின் அவசரத்தில் அதையே பயன்படுத்தியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

முதலில் தெரிந்த அறிகுறிகள்

முதலில் கண்ணில் பட்டது க்ராஷ். ப்ளக்-இன்னின் ஜன்னலை மூடும்போது சில வேளைகளில் க்யூபேஸ் முழுவதுமாக நின்றுபோனது. மேக் எழுதிவைத்த க்ராஷ் ரிப்போர்ட்டில், நின்றுபோன த்ரெட்டின் (நிரலின் இயக்கப் பாதையின்) கீழ் முதல் வரிகளிலேயே அந்த ப்ளக்-இன்னின் பெயர் இருந்ததால் காரணம் எது என்பதில் ஐயமில்லை. புரோகிராமர் அதற்கேற்பத் தன் பழக்கத்தை மாற்றிக்கொண்டார்: சேவ் செய்யாமல் அந்த ஜன்னலைத் தொடுவதில்லை. இதனால் வேலை தொடர்ந்தது. ஆனால் க்ராஷ் ஆகும் ஒவ்வொரு முறையும் ப்ராஜெக்ட் மறுபடி திறக்கப்பட்டது. மறுபடி திறக்கும் அந்தக் கணத்தில்தான் அதைவிடப் பெரிய, சத்தமில்லாத இரண்டாவது கோளாறு உள்ளே வந்தது.

அதை முதலில் உணர்ந்தவர் தபேலா கலைஞர். முந்தைய அமர்வில் தான் வாசித்த பகுதியைக் கேட்டுவிட்டு, "நான் வாசிச்சது இப்படி இல்லையே தம்பி, பின்னால இழுக்குதே" என்றார். ப்ளக்-இன் ஒலியின் தன்மையை மாற்றுவதால் அப்படித் தோன்றலாம் என்று கருதிய புரோகிராமர், "இருங்கண்ணே, அதை எடுத்துட்டுக் காட்டுறேன்" என்று சொல்லி ப்ளக்-இன்னை அணைத்துக் காட்டினார், சரியாக இருந்தது. மறுபடி போட்டார்; அப்போதும் சரியாகவே இருந்தது. கலைஞர் சமாதானமாகிவிட்டார். ஆனால் அவர் கேட்டது மெய்யான பிழைதான். அணைத்துப் போட்ட செயலே அதைத் தற்காலிகமாக நீக்கிவிட்டது என்பது பின்னரே தெரிந்தது.

வேறொரு ரீலில் இதே இழுப்பு மறுபடி தென்பட்டபோது, நேரடியாகப் பதிவான தபேலாவை மட்டும் புரோகிராமர் காதால் கேட்டு முன்னே நகர்த்திவிட்டார். பம்பையும் உடுக்கையும் முன்பே பதிவான ஒலித்துணுக்குகளிலிருந்து புரோகிராம் செய்யப்பட்டவை. திரையில் அவை கட்டத்தின் கோட்டில் துல்லியமாக நின்றன. கண் சரியென்று சொல்வதைக் காது சந்தேகிப்பது அரிது. ஆகவே பிசகு இருந்தால் அது மனிதர் வாசித்ததில்தான் இருக்கும் என்று அவர் முடிவு செய்தது இயல்பானது.

பிறகு மிக்சிங் தியேட்டரிலிருந்து தொலைபேசி வந்தது. மூன்றாவது ரீலில், கதவு அறைந்து சாத்தப்படும் வெட்டில் (காட்சி மாறும் இடத்தில்) விழ வேண்டிய பம்பை அடி ஏறக்குறைய ஒரு ஃப்ரேம் தாமதமாக விழுவதாகவும், அந்த ரீல் முழுவதும் தாள ஸ்டெம் மட்டும் வயலின்களுக்குப் பின்னால் ஓடுவதாகவும் அங்கிருந்த பொறியாளர் சொன்னார். நான்காவது ரீலில் பம்பையும் உடுக்கையும் சரியாக இருந்தன, தபேலா மட்டும் முந்தியது. இரண்டாவது ரீலில் எந்தக் குறையும் இல்லை. இப்படி ஒவ்வொரு ரீலும் ஒவ்வொரு விதமாக இருந்ததால், எடிட்டிங்கில் கவனக்குறைவு என்ற எண்ணம் எல்லோருக்கும் வந்தது. பழி இளைஞரான புரோகிராமர் மேல் விழும் நிலை உருவானது. என்னை அழைத்தது அந்தக் கட்டத்தில்தான்.

காரணத்தைத் தேடிய விதம்

படத்தோடு இசை பொருந்தவில்லை என்றால் முதலில் சந்தேகிக்கப்படுபவை இரண்டு: சாம்பிள் ரேட் (விநாடிக்கு ஒலி எத்தனை முறை அளக்கப்படுகிறது என்பது) மாறிப்போவது, ஃப்ரேம் ரேட் (விநாடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பது) மாறிப்போவது. இரண்டையும் விரைவில் விலக்க முடிந்தது. இவற்றில் எது நேர்ந்தாலும் பிசகு போகப்போக வளரும். 24 ஃப்ரேம் படத்தை 23.976 என்று எடுத்துக்கொண்டால், 20 நிமிட ரீலின் முடிவில் இடைவெளி ஏறத்தாழ 1.2 விநாடியாகிவிடும், 44.1-க்கும் 48 கிலோஹெர்ட்ஸுக்கும் இடையில் குழம்பினால் சுருதியே மாறிவிடும். இங்கே ரீலின் தொடக்கத்தில் எவ்வளவு தாமதமோ முடிவிலும் அதே அளவு தாமதம்தான். மேலும் மற்ற ஸ்டெம்கள் எல்லாம் சரியாக இருக்க, தாள ஸ்டெம் மட்டும் பின்தங்கியது. ஆகவே பிழை அந்த க்ரூப் சேனலின் பாதைக்குள் இருந்தது.

புதிய ப்ராஜெக்ட் ஒன்றில் இரண்டு ட்ராக்குகள் மட்டும் வைத்து, இரண்டிலும் ஒரே இடத்தில் ஒற்றை க்ளிக் ஒலியைப் போட்டோம். ஒன்று நேராக வெளியே சென்றது. மற்றொன்று அந்த ப்ளக்-இன் வழியாகச் சென்றது. ப்ளக்-இன்னில் ஒலித்தரத்துக்கு இரண்டு நிலைகள் உண்டு. இசையமைப்பாளர் எப்போதும் உயர்தர நிலையையே பயன்படுத்துவார் என்பதால் அதிலேயே வைத்தோம். ரெண்டர் செய்து (ஒலிக்கோப்பாக வெளியே எடுத்து) அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது இரண்டு க்ளிக்குகளும் ஒரே கோட்டில் நின்றன. ப்ராஜெக்ட்டைச் சேவ் செய்து, மூடி, மறுபடி திறந்து, வேறு எதையும் தொடாமல் ரெண்டர் செய்தோம். இம்முறை இரண்டாவது க்ளிக் சரியாக 2048 சாம்பிள்கள் (ஒலியின் ஒவ்வோர் அளவீடும் ஒரு சாம்பிள்) பின்னால் இருந்தது. ப்ளக்-இன்னை அணைத்துப் போட்டுவிட்டு ரெண்டர் செய்ததும் இடைவெளி மறைந்தது. எத்தனை முறை செய்தாலும் இதே முடிவுதான்.

2048 சாம்பிள் என்பது 48 கிலோஹெர்ட்ஸில் 42.7 மில்லிவிநாடி. 24 ஃப்ரேம் படத்தில் ஒரு ஃப்ரேமின் நீளம் 41.7 மில்லிவிநாடி. மிக்சிங் பொறியாளர் கண்ணாலும் காதாலும் கணித்துச் சொன்ன "ஒரு ஃப்ரேம்" எவ்வளவு துல்லியமானது என்பதை இங்கே குறிப்பிட விரும்புகிறேன். அதோடு 2048 என்பது 2, 4, 8, 16 என்று இரட்டிப்பாகி வளரும் வரிசையில் வரும் எண். ஒலியைத் தொகுதி தொகுதியாகச் சேர்த்துவைத்துக் கணக்கிடும் நிரல்களில் வழக்கமாக வரும் அளவு. மனிதர் எவராவது எடிட்டிங்கில் தவறியிருந்தால் இப்படிப்பட்ட எண் வராது. புரோகிராமரின் மேல் இருந்த சந்தேகம் அந்த எண்ணைப் பார்த்த உடனேயே நீங்கியது. அதை எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிடுவது அவசியம் என்று கருதி அப்போதே சொன்னோம்.

இதன் பின்னணியில் இருப்பது தாமத ஈடுசெய்தல். எதிர்வரும் ஒலியைச் சற்று முன்னதாகவே பார்த்து வேலை செய்யும் ப்ளக்-இன் ஒவ்வொன்றும் ஒலியைச் சிறிது நேரம் தன்னிடம் நிறுத்திவைக்கும். எத்தனை சாம்பிள் நிறுத்திவைக்கிறேன் என்பதை அது க்யூபேஸிடம் தெரிவிக்க வேண்டும். அந்த எண்ணை வைத்து க்யூபேஸ் மற்ற எல்லாச் சேனல்களையும் அதே அளவு தாமதப்படுத்தி அனைத்தையும் ஒன்றாக வெளியே அனுப்பும். இடையில் அந்த எண் மாறினால், மாறிவிட்டது என்று ப்ளக்-இன் அறிவிக்க வேண்டும் என்பது விஎஸ்டி 3-இன் விதி. க்யூபேஸின் மிக்சரில் ஒவ்வொரு சேனலின் தாமதத்தையும் காட்டும் வசதி உண்டு. அதைத் திறந்து பார்த்தபோது, மறுபடி திறந்த ப்ராஜெக்ட்டில் அந்தச் சேனலுக்கு எதிரே பூஜ்யம் என்று இருந்தது. அணைத்துப் போட்டதும் 2048 என்று மாறியது. ப்ராஜெக்ட் திறக்கும்போது ப்ளக்-இன் தாமதமில்லாத சாதாரண நிலையில் எழுந்து பூஜ்யம் என்று சொல்லிவிடுகிறது, சேமித்துவைத்த உயர்தர நிலைக்கு அதன் பிறகே மாறுகிறது, மாறியதை அறிவிப்பதில்லை. சோதனைகள் அனைத்துக்கும் பொருந்தும் விளக்கம் இதுதான்.

க்ராஷையும் தனியே சோதித்தோம். ப்ளக்-இன்வால் என்ற திறந்த மூலக் கருவி, எந்த இசை மென்பொருளின் துணையும் இல்லாமல் ப்ளக்-இன்னை ஏற்றி, கடுமையை 1 முதல் 10 வரை கூட்டிச் சோதிக்கும். ஜன்னலைத் திறந்து மூடும் சோதனையில் அங்கும் ப்ளக்-இன் விழுந்தது. க்யூபேஸைக் குறைசொல்ல இடமில்லை என்பதும், தயாரித்த நிறுவனத்திடம் காட்டச் சான்று கிடைத்தது என்பதும் இதனால் ஏற்பட்ட பயன்கள்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மூன்று வழிகள் பேசப்பட்டன. முதலாவது, க்யூபேஸை ரொசெட்டாவில் ஓட்டி, நம்பகமான பழைய பதிப்புக்கே திரும்புவது. இசையமைப்பாளர் இதை விரும்பினார். அந்த ஒலியை இழக்க அவருக்கு மனமில்லை, அது நியாயமான மனக்குறைதான். ஆனால் ஒரே ஒரு ப்ளக்-இன்னுக்காக முழு டெம்ப்ளேட்டையும் வேறொரு சூழலுக்கு மாற்றுவது, பாதிப் படம் முடிந்த நிலையில் புதிய சிக்கல்களை வரவழைக்கும். ஆகவே அது கைவிடப்பட்டது. இரண்டாவது, ஒவ்வொரு முறை திறந்ததும் ப்ளக்-இன்னை அணைத்துப் போடுவது. நள்ளிரவில் க்ராஷ் ஆகி மறுபடி திறக்கும் ஒருவர் அதை மறக்காமல் செய்வார் என்று நம்பி ரீல்களை அனுப்ப முடியாது. மூன்றாவது, மீதமுள்ள ரீல்களில் அந்த ப்ளக்-இன்னை அகற்றிவிட்டு, ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற பகுதிகளில் அதன் ஒலியை ஆடியோவாகப் பதிந்து வைத்துக்கொள்வது. இதுவே ஏற்கப்பட்டது.

ஒப்புதல் பெற்ற ரீல்களில், ப்ளக்-இன்னை அணைத்துப் போட்டு, மிக்சரில் 2048 என்ற எண் தெரிவதை உறுதிசெய்துகொண்ட பிறகே தாளக் கருவிகள் ஒவ்வொன்றையும் தனித்தனியே அதன் வழியாக ரெண்டர் செய்தோம். ப்ளக்-இன் சேராத மூல ஒலியும் உடன் வைக்கப்பட்டது. மீதமுள்ள ரீல்களுக்கு, க்யூபேஸுடன் வரும் என்வலப்ஷேப்பர், மேக்னெட்டோ ஆகிய இரண்டு ப்ளக்-இன்களையும் அடுத்தடுத்து வைத்து நெருங்கிய ஒலியை உருவாக்கினார் பதிவுப் பொறியாளர். அதே ஒலி அல்ல அது. பம்பையின் அடி சற்று மென்மையாகவே விழுந்தது. இசையமைப்பாளர் அதை ஏற்றுக்கொண்டு, சில இடங்களில் பம்பையின் அளவைக் கூட்டினார்.

கடினமாக இருந்தது கையால் நகர்த்தப்பட்ட தபேலாதான். எந்தத் துண்டு நகர்த்தப்பட்டது, எது நகர்த்தப்படவில்லை என்ற குறிப்பு எங்கும் இல்லை. எல்லாத் துண்டுகளையும் ஒரே அளவு பின்னே தள்ளினால் சரியாக இருந்தவையும் கெட்டுவிடும். அங்கே கைகொடுத்தது ஒலிக்கோப்பே. பதிவு செய்யப்படும்போது ப்ராட்காஸ்ட் வேவ் கோப்பின் தலைப்பகுதியில், அந்த ஒலி காலக்கோட்டில் எந்த இடத்தில் பதிவானது என்ற எண் எழுதப்படுகிறது. துண்டுகளை அந்த மூல இடத்துக்கே திருப்பி அனுப்பும் கட்டளை க்யூபேஸில் உள்ளது. புதிய ட்ராக்கில் நகல் எடுத்து, அந்தக் கட்டளையைக் கொடுத்து, பழையதோடு ஒப்பிட்டபோது நகர்த்தப்பட்ட துண்டுகள் ஒவ்வொன்றும் வெளிப்பட்டன. தாளம் பின்தங்கி ஓடிய நேரத்தில் அதைக் கேட்டுக்கொண்டே வாசிக்கப்பட்ட ஒரு பகுதியை மட்டும் இப்படி மீட்க முடியவில்லை. தபேலா கலைஞர் மறுபடி வந்து அதை வாசித்துக் கொடுத்தார். முதலில் சந்தேகம் எழுப்பியவர் அவர்தான் என்பதால் முழு விவரமும் அவரிடம் விளக்கப்பட்டது.

நிறுவனத்துடன் நடந்த கடிதப் போக்குவரத்து

தயாரித்த நிறுவனத்துக்கு எழுதிய மின்னஞ்சலில் புகார் மொழியைத் தவிர்த்தோம். ப்ளக்-இன், க்யூபேஸ், மேக்ஓஎஸ் ஆகியவற்றின் பதிப்பு எண்கள், இரண்டே ட்ராக் கொண்ட சோதனை ப்ராஜெக்ட், செய்ய வேண்டிய படிகள், எதிர்பார்த்தது, நடந்தது, க்ராஷ் ரிப்போர்ட், ப்ளக்-இன்வாலின் பதிவு ஆகிய அனைத்தும் இணைக்கப்பட்டன. தானியங்கிப் பதில் வந்தது. பிறகு நீண்ட மௌனம். அடுத்து வந்த பதில், ப்ளக்-இன்னை நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பார்க்கச் சொன்னது. இணைப்புகளைத் திறந்தே பார்க்கவில்லை என்பது அதிலிருந்து தெரிந்தது. சோதனை ப்ராஜெக்ட்டை மட்டும் தனியே மீண்டும் அனுப்பி, மூடித் திறந்தால் போதும் என்று ஓரிரு வரிகளில் எழுதியபோது, நிரலை எழுதியவரே பதிலளித்தார். தாமதம் பற்றிய பிழையை ஒப்புக்கொண்டார். எப்போது திருத்தம் வரும் என்று சொல்ல இயலாது என்றும் எழுதினார்.

இத்தகைய நிறுவனங்கள் பலவற்றில் ஒருவரே நிரல் எழுதி, ஒருவரே பதிலும் எழுதுகிறார் என்பது எனக்குத் தெரியும். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் பணம் கொடுத்து வாங்கியவரின் பிழைப்பு அந்த ஒற்றை எண்ணைச் சரியாகச் சொல்வதை நம்பி நிற்கிறது. ஒலி எவ்வளவு அழகாக இருந்தாலும், சொல்ல வேண்டிய தாமதத்தைச் சொல்லாத ப்ளக்-இன் தொழிலுக்கு ஆகாது என்பதே என் கருத்து.

பின்னர் நடந்தவை

மூன்றாவது ரீலில் பிசகு முழு ஸ்டெம்முக்கும் ஒரே அளவாக இருந்ததால், புதிய கோப்பு தேவைப்படவில்லை. மிக்சிங் பொறியாளர் ப்ரோ டூல்ஸ் என்ற ஒலி மென்பொருளில் தாள ஸ்டெம்மை 2048 சாம்பிள் முன்னே நகர்த்தியதும் பம்பை அடி வெட்டில் சரியாக விழுந்தது. நான்காவது ரீலுக்குப் புதிய ஸ்டெம் அனுப்பப்பட்டது. மிக்சிங் அட்டவணை சற்றுத் தள்ளிப்போனதே தவிரப் படத்தின் வேலை நிற்கவில்லை. படம் முடிந்து பல மாதங்களுக்குப் பிறகு அந்த ப்ளக்-இன்னின் புதிய பதிப்பு வந்தது. அதே இரண்டு ட்ராக் ப்ராஜெக்ட்டில் சோதித்தோம். தாமதம் திருத்தப்பட்டிருந்தது, ஜன்னலை மூடும்போது ஏற்படும் க்ராஷ் அப்படியே இருந்தது. டெம்ப்ளேட்டில் அது மறுபடி சேர்க்கப்படவில்லை.

மாற்றிக்கொண்ட நடைமுறைகள்

இந்தக் கோளாறு மிக்சிங் தியேட்டர் வரை சென்றதற்கு ஸ்டூடியோவின் நடைமுறையிலும் ஒரு காரணம் இருந்தது. ஒவ்வொரு ஸ்டெம்மிலும் படத்தின் முதல் ஃப்ரேமுக்கு 2 விநாடி முன்னால் சிங்க் பீப் (படத்தோடு ஒலி பொருந்துகிறதா என்று பார்க்க உதவும் குறு ஒலி) வைக்கப்பட்டிருந்தது. ஆனால் அது ரெண்டர் முடிந்த பிறகு கோப்பில் தனியே ஒட்டப்பட்டது. ஆகவே தாளம் பின்தங்கியிருந்தாலும் பீப் எப்போதும் சரியான இடத்திலேயே ஒலித்தது. ஸ்டெம் சரியாக இருக்கிறது என்று தவறான உறுதியை அது தந்தது. இப்போது பீப், ஒவ்வொரு க்ரூப் சேனலுக்கும் உள்ளே இருக்கும் ஒரு ட்ராக்கிலிருந்து புறப்பட்டு, அங்குள்ள ப்ளக்-இன்கள் அனைத்தையும் கடந்தே ஸ்டெம்மை அடைகிறது. எந்தச் சேனலில் தாமதம் தவறினாலும் பீப்பும் கூடவே தவறும். மிக்சிங் பொறியாளர் முதல் விநாடியிலேயே அதைப் பார்த்துவிடுவார். செலவே இல்லாத இந்த மாற்றத்தைத்தான் நான் எல்லாவற்றிலும் முக்கியமானதாகக் கருதுகிறேன்.

டெம்ப்ளேட்டுக்குள் புதிதாக எந்த ப்ளக்-இன் வந்தாலும், க்ளிக் சோதனையை மூடித் திறந்து ஒரு முறை செய்த பிறகே அது சேர்க்கப்படுகிறது. படத்தின் வேலை நடக்கும்போது எந்தப் பதிப்பும் மாற்றப்படுவதில்லை. நிறுவும் கோப்புகள் பதிப்பு எண்ணோடு தனி வட்டில் இருக்கின்றன. ஒப்புதல் கிடைத்த அன்றே ப்ளக்-இன் சேர்ந்த ஒலியும் சேராத ஒலியும் ஆடியோவாகப் பதியப்படுகின்றன. நேரடியாகப் பதிவான ஒலியை எவரேனும் காதால் கேட்டு நகர்த்தினால், அந்தத் துண்டின் நிறத்தை மாற்றிவைக்க வேண்டும் என்று புரோகிராமரே ஒரு விதியை முன்வைத்தார், அது பின்பற்றப்படுகிறது.

இன்னும் வேலை முடியாமல் இருப்பவை பழைய படங்களின் ப்ராஜெக்ட்டுகள். அவற்றில் அந்த ப்ளக்-இன்னின் விஎஸ்டி 2 பதிப்பு இருக்கிறது. ரொசெட்டாவின் பொதுவான ஆதரவு மேக்ஓஎஸ் 27 வரைதான் என்று ஆப்பிள் 2025 ஜூனில் அறிவித்துவிட்டதால், பழைய ஐமேக் ஓடும் வரையில் அவற்றைத் திறந்து தாளக் கருவிகளை ஆடியோவாக எடுத்துவைக்கும் வேலையைப் பதிவுப் பொறியாளர் ஓய்வு நேரங்களில் செய்துவருகிறார். மறுபதிப்போ வேற்றுமொழி வெளியீடோ வரக்கூடிய படங்கள் முதலில் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. அந்த ஐமேக்கில் மேக்ஓஎஸ் புதுப்பித்தல் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது; ப்ளக்-இன்னின் உரிமத்தை மறுபடி உறுதிசெய்ய வேண்டியிருந்தால் மட்டும் இணையத்துடன் இணைக்கப்படுகிறது.